“குட்டைச் சாதி” செவ்வரத்தை வாங்கப் போகிறீர்களா?

திருகோணமலையில் சாடியோடு பூக்கன்று வாங்குகிறவர்கள் இதை ஒருதடவை வாசித்துவிட்டுப் போங்கள்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் கிழமை, கோணேசர் கோயிலுக்குப் போய்வரும் வழியில் ஆறு செவ்வரத்தைச் சாடிகள் வாங்கினேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம்தான், ஆனால் மொட்டுக்குக் குறைவில்லை. “இது குட்டைச் சாதி அக்கா, இதுக்கு மேல வளராது” என்றான் கடைக்காரத் தம்பி. சாதாரணக் கன்று 300 ரூபாய், இது 1,200. விறாந்தைக்கு அளவாக இருக்குமே என்று பேரம்கூடப் பேசவில்லை.

கச்சான் காற்று அடங்குவதற்குள் ஆறும் என் இடுப்புக்கு வந்துவிட்டன. தண்டைப் பார்த்தால் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அடியில் ஒரு விரல் நீளத்துக்குள் ஏழெட்டுக் கணு நெருங்கிக் கிடக்க, அதற்கு மேலே கணுவுக்குக் கணு இரண்டு அங்குலம்! ஒரே தண்டில் இரண்டு செடி மாதிரி.

திரும்பிப் போய்க் கேட்டேன். “நீங்க தண்ணி கூட ஊத்தியிருப்பியள்” என்று பழியை என்மேல் போட்டுவிட்டு, லேபல் இல்லாத சின்னப் போத்தல் ஒன்றை 900 ரூபாய்க்கு நீட்டினான். வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி, மண்ணில் ஊற்ற வேண்டுமாம். அதையும் வாங்கினேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல!

ஒரு மாதத்தில் புதுத்தளிர் எல்லாம் கரும்பச்சையாகத் தடித்துச் சுருண்டது. மொட்டு மிளகளவில் நின்றுவிட்டது. அதைவிட, ஒரு சாடியின் ஓரத்தில் நான் ஊன்றியிருந்த கொச்சிக்காய்க் கன்றும் குட்டையாகவே நின்றது.

பிறகுதான் எனக்குத் தெரிந்த விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம் காட்டினேன். செடியை நீட்டுவது ஜிபரெலின் என்ற ஊக்கி. அது உருவாகாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் கணுவிடை குறுகும், இனம் மாறாது, மருந்தின் வேகம் போனதும் பழையபடி வளரும் என்றார். இந்த வகையில் பக்லோபியூட்ரசோல் வேர்வழியாக ஏறுவது. சாடிப் பூக்களுக்கு லீற்றருக்குச் சில மில்லிகிராமே போதும். கூடினால் மாதக்கணக்காக மண்ணில் தங்கி, அடுத்து நடுவதையும் குறுக்கும். என் போத்தலில் எது, எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

மருந்தால் குறுக்குவதைக் களவு என்று நான் சொல்லவில்லை. செவ்வந்தி, பொயின்செட்டியா எல்லாம் உலகம் முழுக்க இப்படித்தான் சாடிக்கு அடக்கமாக வருகின்றன. அதைக் குட்டை இனம் என்று நாலு மடங்கு விலைக்கு விற்றதுதான் களவு.

வாங்கும்போது தண்டின் கணுக்களை அடியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பாருங்கள்; கணுவுக்குக் கணு இடைவெளி ஓரிடத்தில் சட்டென்று மாறினால் சந்தேகப்படுங்கள். தாய்ச்செடியைக் காட்டச் சொல்லுங்கள். லேபல் இல்லாத போத்தலைத் தொடவே வேண்டாம். சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழைத்துக் கேட்கலாம்.

கொச்சிக்காயைக் காய்க்கவிடாமல் பிடுங்கி எறிந்துவிட்டேன். அந்த ஆறு சாடி மண்ணும் இன்னும் கொல்லையில் தனியாகக் குவிந்து கிடக்கிறது.