பேரிடர் நேரத்தில் செயற்கைக்கோள் தரவுகள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

நிவாரணக் குழுக்களுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுக்கும் பணிக்காக நாசாவின் வேர்ல்ட்வியூ (அன்றாடச் செயற்கைக்கோள் படங்களைக் காட்டுவது), ஃபர்ம்ஸ் (தீ எரியும் இடங்களைக் காட்டுவது) ஆகிய தளங்களையும் ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள் படங்களையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இவை அனைத்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. பேரிடர் நேரத்தில் ஒரு படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைவிட, அது எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது, எதைக் காட்டாமல் விட்டிருக்கிறது என்ற இரண்டுமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். மழை நாட்களில் வானம் மூடியே கிடக்கும் என்பதால், சாதாரண கேமராபோல் சூரிய ஒளியில் படமெடுக்கும் லேண்ட்சாட், சென்டினல்-2 ஆகிய செயற்கைக்கோள்களின் படங்கள் மிகவும் தேவைப்படும் வேளையில் மேகத்தை மட்டுமே காட்டும். அப்போது கைகொடுப்பது, தானே ரேடியோ அலையை அனுப்பித் திரும்பி வருவதைப் பதிவுசெய்யும் சென்டினல்-1இன் ரேடார். மேகமும் இருளும் அதற்குத் தடையல்ல. சலனமற்ற நீர்ப்பரப்பு ரேடார் அலையைக் கண்ணாடிபோல் மறுபக்கம் திருப்பிவிடுவதால், படத்தில் நீர் கறுப்பாகத் தெரிகிறது. ஒரே சுற்றுப்பாதையில் எடுக்கப்பட்ட, வெள்ளத்துக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் ஒப்பிட்டு, புதிதாகக் கறுத்த பகுதிகளைப் பிரித்தெடுத்தால் வயல்வெளிகளில் நீர் பரவிய எல்லை நன்றாகவே கிடைத்துவிடும்.

குடியிருப்புகளில் இதே முறையை நம்ப முடியாது. தெருவில் தேங்கிய நீரிலும் கட்டடச் சுவரிலும் அடுத்தடுத்து மோதும் அலை செயற்கைக்கோளுக்கே திரும்பிவிடுவதால், வெள்ளம் சூழ்ந்த தெரு படத்தில் வெளுத்துத் தெரியக்கூடும். கறுப்பை மட்டும் தேடும் கணக்கீடு அதைத் தவறவிட்டுவிடும். மாறாக, மலை நிழலும் விமான ஓடுபாதையும் நீரே இல்லாமல் கறுத்துத் தெரியும். ஆகவே, நெருக்கமான குடியிருப்புகளை 'வெள்ளம் இல்லை' என்ற நிறத்தில் காட்டாமல், 'கணிக்க இயலவில்லை' என்று தனி நிறத்தில் காட்டுவதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். மீட்புப் படகை எங்கே அனுப்புவது என்று முடிவுசெய்பவருக்கு இந்த வேறுபாடு உயிர் சார்ந்தது.

சென்டினல்-1இன் ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்ப 12 நாட்கள் ஆகும். இணையாக இயங்கிய இரண்டில் ஒன்றான சென்டினல்-1பி 2021 டிசம்பரில் செயலிழந்தது. அதன் இடத்தை நிரப்பும் 1சி விண்ணில் ஏவப்பட்டது 2024 டிசம்பரில்தான். இடைப்பட்ட காலத்தில், வெள்ளம் உச்சத்தைத் தொட்டு வடிந்த பிறகே படம் கிடைத்த நிகழ்வுகள் உண்டு. இத்தகைய தரவு ஒரே ஒரு செயற்கைக்கோளை நம்பியிருக்கக் கூடாது என்பதை அந்த ஆண்டுகள் அழுத்தமாக உணர்த்தின.

காட்டுத்தீக்கு ஃபர்ம்ஸ் தளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். செயற்கைக்கோள் கடந்துசென்ற 3 மணி நேரத்துக்குள் தீப்புள்ளிகள் வந்துவிடுகின்றன. ஆனால் வரைபடத்தில் உள்ள புள்ளி தீ எரியும் துல்லியமான இடமன்று. செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியில் ஏறத்தாழ 1 கிலோமீட்டரும், வியர்ஸ் கருவியில் 375 மீட்டரும் அகலமுள்ள ஒரு கட்டத்தின் நடுப்பகுதி மட்டுமே. புள்ளி காட்டிய இடத்தில் போய் நின்று நெருப்பைக் காணவில்லை என்று சொல்லும் களப்பணியாளரிடம், சுற்றிலும் அந்தத் தொலைவுவரை தேடச் சொல்ல வேண்டும். புள்ளி இல்லை என்பதற்காகத் தீ இல்லை என்றும் கொள்ளலாகாது. மேகம் மறைத்திருக்கலாம், இரண்டு கடப்புகளுக்கு இடையில் மூண்டு அணைந்திருக்கலாம்.

மழை அளவுக்கு, செயற்கைக்கோள்களிலிருந்து நாசா கணிக்கும் ஐமெர்க் தரவு அரை மணி நேர இடைவெளியில் கிடைக்கிறது. அதன் முதல் பதிப்பு சுமார் 4 மணி நேரத்தில் வந்துவிடும். மழைமானி அளவீடுகளோடு திருத்தப்பட்ட இறுதிப் பதிப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எச்சரிக்கைக்கு முன்னதையும் ஆய்வுக்குப் பின்னதையும் பயன்படுத்துவதே முறை. மலைச்சரிவுகளில் பெய்யும் கனமழையை இது பல நேரம் குறைத்தே மதிப்பிடுவதால், நிலச்சரிவு அபாயமுள்ள இடங்களில் தரையிலுள்ள மழைமானியையும் சேர்த்துப் பார்ப்பது கட்டாயம். கோப்புகளில் நேரம் உலகப் பொது நேரத்தில்தான் (UTC) பதிவாகியிருக்கும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றாமல் அனுப்பப்படும் வரைபடம் களத்தில் குழப்பத்தையே உண்டாக்கும்.

நிலநடுக்கம் ஏற்பட்ட முதல் சில மணி நேரத்துக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் அதிர்வு வரைபடமே போதுமானது. நிலம் எவ்வளவு நகர்ந்தது என்பதை ரேடார் சென்டிமீட்டர் அளவில் சொல்லும் என்றாலும், செயற்கைக்கோள் மீண்டும் கடக்கும்வரை மீட்புப் பணி காத்திருக்க முடியாது.

புதிதாகத் தொடங்குவோர் வேர்ல்ட்வியூவில் பழகிவிட்டு ரேடாருக்குச் செல்லலாம். பேரிடர் இல்லாத மாதங்களிலேயே தங்கள் பகுதியின் முந்தைய ரேடார் படங்கள், நிரந்தர நீர்நிலைகளின் எல்லை, செயற்கைக்கோள் கடக்கும் நேரப்பட்டியல் ஆகியவற்றைச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளம் வந்த பின் இணைய இணைப்பு இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.