கடற்கொள்ளையர் வேடம்: டாம்பா ஊர்வலமா, செயின்ட் அகஸ்டின் முகாமா?

ஜனவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை ஃப்ளோரிடாவின் டாம்பாவுக்கு வந்தால் ஊரில் பாதிப்பேர் கடற்கொள்ளையராகத்தான் திரிவார்கள். காஸ்பரில்லா விழா. அதைப் பார்த்துவிட்டு வரும் நம் ஆட்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அடுத்த வருஷம் நாங்களும் வேடம் போடணும், டிரஸ் எங்கே வாங்குவது?" நான் திருப்பிக் கேட்பேன்: ஒருநாள் கொண்டாட்டத்துக்கா, அல்லது இதை ஒரு பொழுதுபோக்காகவே எடுத்துக்கொள்ளப் போகிறீர்களா? இரண்டுக்கும் உடை வேறு, செலவு வேறு, கூடும் மனிதர்களும் வேறு. ஃப்ளோரிடாவில் இருப்பவர்களுக்கு இரண்டுமே பக்கத்தில் கிடைக்கின்றன. மேற்குக் கரையில் டாம்பா. அங்கிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் வடகிழக்குக் கரையில் செயின்ட் அகஸ்டின். இரண்டிலும் வேடம் போட்டுப் பார்த்தவர் என்ற முறையில் எழுதுகிறேன்.

காஸ்பரில்லா 1904இல் தொடங்கியது. ஹோசே காஸ்பர் என்ற ஸ்பானியக் கொள்ளைக்காரன் இந்தக் கரையோரத்தை ஆட்டிப்படைத்தான் என்பது கதை. அப்படி ஒருவன் வாழ்ந்ததற்கு அந்தக் காலத்து ஆவணம் எதுவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ரயில் நிறுவனம் வெளியிட்ட விளம்பரக் கையேடுதான் கதையை ஊரெங்கும் பரப்பியது. ஆனாலும் விழா நிஜம். 1954இல் இதற்கென்றே கட்டிய கப்பலை இழுவைப் படகுகள் இழுத்து வரும், சுற்றிலும் நூற்றுக்கணக்கான படகுகள் சூழ்ந்து வரும். மேயர் நகரச் சாவியைக் கொள்ளையரிடம் கொடுப்பார். அப்புறம் ஊர்வலம். வண்டிகளிலிருந்து மணிமாலைகளை வீசுவார்கள், குழந்தைகள் கழுத்து நிறைய மாலையோடு வீடு திரும்புவார்கள்.

இதில் என்ன உடை வேண்டுமானாலும் போடலாம். கோடு போட்ட பனியன், தலையில் சிவப்புத் துணி, ஒற்றைக் கண் மறைப்பு, பிளாஸ்டிக் வாள், எதையும் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் கடற்கரையிலும் இதே மனநிலைதான். 2012இல் அங்கே 14,231 பேர் கொள்ளையர் வேடத்தில் கூடி உலக சாதனை படைத்தார்கள். கூட்டம்தான் அங்கே மகிழ்ச்சி.

ஒரு விஷயத்தை நம்மைப் போன்றவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1991இல் காஸ்பரில்லா ஊர்வலம் நடக்கவில்லை. விழாவை நடத்திய சங்கத்தில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட உறுப்பினராக இல்லை என்ற கேள்வி எழுந்தபோது, உடனே சேர்த்துக்கொள்வதைவிட ஊர்வலத்தை நிறுத்துவதே மேல் என்று முடிவெடுத்தார்கள். மறுவருடம் கதவு திறந்தது. இன்று எல்லா நிறத்தவரையும் ஊர்வலத்தில் பார்க்கிறோம். அது தானாக நடந்துவிடவில்லை.

செயின்ட் அகஸ்டினில் நடப்பது வேறு. 1668 மே மாதம் ராபர்ட் சேர்ல் என்ற ஆங்கிலேயக் கொள்ளையனின் ஆட்கள், அப்போது ஸ்பெயினிடம் இருந்த அந்த ஊருக்கு மாவு ஏற்றி வந்துகொண்டிருந்த ஸ்பானியக் கப்பலைப் பிடித்து, அதிலேயே ஒளிந்து துறைமுகத்துக்கு வந்தார்கள். இரவில் இறங்கி ஊரைச் சூறையாடினார்கள். ஏறக்குறைய 60 பேர் இறந்தார்கள். ஆப்பிரிக்கர்களையும் பூர்வகுடிகளையும் கலப்பினத்தவரையும் அடிமைகளாக விற்கப் பிடித்துக்கொண்டு போனார்கள். மரக்கோட்டை போதாது என்று ஸ்பெயினுக்கு அப்போதுதான் உறைத்தது. 1672இல் கட்டத் தொடங்கிய கல்கோட்டை, காஸ்டியோ தே சான் மார்கோஸ், இன்றும் நிற்கிறது. இந்தத் தாக்குதலைத்தான் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நிகழ்த்திக் காட்டுகிறார்கள். பகலில் முகாம்: கூடாரம், அடுப்பு, திரி வைத்துச் சுடும் துப்பாக்கி, பொதுமக்களுக்கு விளக்கம். இருட்டியதும் பழைய நகரத் தெருக்களில் சண்டை.

எனக்கு இரண்டில் எது என்று கேட்டால் செயின்ட் அகஸ்டின்தான், தயங்காமல் சொல்வேன். காரணம் உடையின் துல்லியம் மட்டும் இல்லை. டாம்பாவில் கொள்ளையன் என்றால் மாலை வீசும் ஜாலியான ஆள். செயின்ட் அகஸ்டின் முகாமில் ஒரு சிறுமி என்னிடம், "பிடித்துக்கொண்டு போனவர்களை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாள். விற்றார்கள் என்று சொன்னேன். அந்த வேடத்தில் நின்று அதைச் சொல்வது கஷ்டம். ஆனால் வரலாற்றை உடுத்திக்கொண்டு நிற்பவர் சொல்லியே ஆகவேண்டிய பதில் அது.

இப்படிச் சொல்வதால் டாம்பாவைக் குறைத்துவிடவில்லை. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு டாம்பாதான் சரி. அதிலும் பெரிய ஊர்வலத்துக்கு முந்தைய வாரம் நடக்கும் குழந்தைகள் ஊர்வலத்துக்குப் போங்கள், அங்கே மது கிடையாது. முகாமில் குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரத்தில் அலுத்துவிடும். பெரியவர்களுக்கே கம்பளிக் கோட்டில் ஃப்ளோரிடா வெயில் தாங்காது.

சரி, உடைக்கு வருவோம். நாம் கொள்ளையன் என்றதும் நினைக்கும் உருவம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஹாவர்ட் பைல் என்ற அமெரிக்க ஓவியரின் கை வேலை. 1911இல் இறந்துபோன அவர், ஸ்பெயின் ஜிப்ஸிகளின் உடையைப் பார்த்துத் தலைத்துணி, அகலமான இடுப்புத்துணி, காது வளையம் எல்லாம் சேர்த்து வரைந்தார். பிறகு சினிமா அதைப் பிடித்துக்கொண்டது. கடையில் பாக்கெட்டில் தொங்கும் உடையின் மூலம் அந்த ஓவியங்கள்தான். முழங்கால்வரை மடித்துவிட்ட பெரிய தோல் பூட்ஸ் குதிரை ஓட்டுபவர் அணிவது, ஈரமான கப்பல் தளத்தில் அதைப் போட்டுக்கொண்டு கயிறு ஏற முடியாது.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஆண்டு. 1668 வேறு, 1718 வேறு. கருந்தாடி என்று பெயர்பெற்ற கொள்ளையர் எட்வர்ட் டீச் 1718 நவம்பர் 22 அன்று வட கரோலைனாவின் ஒக்ராகோக் அருகே கொல்லப்பட்டார். அவர் காலத்துக்கு மூன்று பக்கம் மடித்த தொப்பியும், நீளமான கோட்டும், உள்ளே வெயிஸ்ட்கோட்டும் பொருந்தும். அதே உடையோடு சேர்லின் முகாமுக்குப் போனால் ஐம்பது வருடம் தள்ளி நிற்பீர்கள். 1668க்கு விளிம்பு அகன்ற தொப்பியும் தொளதொளப்பான காற்சட்டையும்தான். அதனால் எந்த நிகழ்ச்சிக்குப் போகப்போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் கோட்டுக்குத் துணி வாங்காதீர்கள். நான் அப்படி வாங்கிய ஒரு கோட்டுத் துணி மூன்று வருடமாக அலமாரியில் இருக்கிறது.

அடுத்த கேள்வி, கேப்டனா, மாலுமியா? எல்லோருக்கும் கேப்டன் ஆசை உண்டு. கொள்ளையர் கேப்டன் பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் 1722இல் கடைசிச் சண்டைக்குப் போனபோது பூவேலை நெய்த சிவப்பு டமாஸ்க் பட்டில் வெயிஸ்ட்கோட்டும் காற்சட்டையும், தொப்பியில் சிவப்பு இறகும், கழுத்தில் வைரச் சிலுவை தொங்கும் தங்கச் சங்கிலியும் அணிந்திருந்தார் என்று 1724இல் வந்த ஒரு புத்தகம் சொல்கிறது. அழகுதான். ஆனால் அந்தத் துணி விலையும், அதைத் தைக்கத் தேவையான கைத்திறனும் தொடக்கக்காரருக்குக் கட்டுப்படியாகாது. மலிவான பாலியஸ்டர் பட்டில் தைத்தால் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். ஒரு கப்பலுக்கு ஒரு கேப்டன்தான், முகாமில் எட்டுப் பேர் கேப்டனாக நின்றால் அது கப்பலே இல்லை.

மாலுமி உடைக்கு நமக்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. 1706இல் ஆங்கிலேயக் கடற்படை தன் மாலுமிகளுக்கு உடை வாங்கப் போட்ட ஒப்பந்தத்தில் ஒவ்வொரு உருப்படியும் விலையோடு எழுதியிருக்கிறது. சாம்பல் நிறக் கம்பளி ஜாக்கெட், சிவப்பு லைனிங், 15 பித்தளைப் பட்டன், 10 ஷில்லிங் 6 பென்ஸ். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட லினன் சட்டை 3 ஷில்லிங் 3 பென்ஸ். கொள்ளையரில் பெரும்பாலானோர் முன்பு வணிகக் கப்பலிலும் கடற்படையிலும் வேலை பார்த்தவர்கள்தான், ஆகவே இந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டால் தப்பாகாது. நீல வெள்ளைக் கட்டம் என்றதும் எனக்கு எங்கள் தாத்தாவின் கைலிதான் நினைவுக்கு வந்தது.

பெண்கள் என்ன உடுத்துவது என்று தயங்கவேண்டாம். 1720இல் ஜமைக்காவில் ஆன் பானி, மேரி ரீட் என்ற பெண் கொள்ளையர் இருவர் மீதும் நடந்த வழக்கில், அவர்களை நேரில் பார்த்த டோரதி தாமஸ் என்ற பெண் சாட்சி சொன்னார்: ஆண்களின் ஜாக்கெட், நீளக் காற்சட்டை, தலையைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டை. தலைத்துணிக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை. கடையில் விற்கும் இறுக்கமான கார்செட்டும் குட்டைப் பாவாடையும் இந்தச் சாட்சியத்தில் எங்கும் இல்லை.

வாங்குவதா, தைப்பதா? காஸ்பரில்லாவுக்கு ஒருநாள் மட்டும் என்றால் வாங்கிவிடுங்கள். பழைய துணிக்கடையில் தொளதொளப்பான வெள்ளைச் சட்டையும் பருத்திப் பேன்ட்டும் எடுத்துக் காலைக் கத்தரித்தாலே பாக்கெட் உடையைவிட நன்றாக இருக்கும். முகாமுக்கு என்றால் வாங்கிய பாலியஸ்டர் உடை ஆபத்தும்கூட. அடுப்புப் பொறியோ வெடிமருந்துப் பொறியோ பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளியும் லினனும் கருகும், உருகாது. பல குழுக்கள் செயற்கை இழையை உள்ளே விடாததற்கு இதுவும் ஒரு காரணம். சரித்திர உடை தைத்து விற்பவர்களிடம் நல்ல சட்டை கிடைக்கிறது, விலைதான் கண்ணைக் கட்டும்.

அதனால் சட்டையை மட்டுமாவது நீங்களே தையுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை. அந்தக் காலச் சட்டை முழுக்கச் சதுரமும் செவ்வகமும்தான், வளைத்து வெட்டவேண்டிய இடமே கிடையாது. உடம்புக்கு ஒரே நீளத் துண்டை மடித்துத் தோளில் போட்டு, தலை நுழைய நடுவில் ஒரு கிழிசல். கைக்கு இரண்டு செவ்வகம், சுருக்கி மணிக்கட்டுப் பட்டியில் சேர்ப்பது. அக்குளில் ஒரு சதுரத் துண்டைச் சாய்த்து வைத்துத் தைத்தால் கையைத் தூக்கும்போது இழுக்காது. பழைய முறையில் வெட்டிய ஜிப்பாவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. துணி விலையுயர்ந்த காலம், ஒரு விரல் அகலம்கூட வீணாகக்கூடாது என்ற கணக்கு நம் ஊரிலும் அவர்கள் ஊரிலும் ஒன்றுதான். 60 அங்குல அகல லினன் என்றால் இரண்டரை மீட்டர் போதும். வெட்டுமுன் சுடுதண்ணீரில் துவைத்துவிடுங்கள், லினன் சுருங்கும்.

மெஷினா, கையா என்று முகாமில் பெரிய சண்டையே நடக்கும். எல்லாம் கைத்தையலாகத்தான் இருக்கவேண்டும் என்று நிற்கும் சிலருக்கு நூல் எண்ணுகிறவர்கள் என்றே பெயர். எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் தன் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1846இல், ஆகவே அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டு முழுவதும் கையால் தைக்க எனக்கு ஆறு வாரம் ஆனது. இரண்டாவது சட்டையில் உள்ளே மறையும் நீளத் தையல்களை மெஷினில் ஓட்டிவிட்டு, கழுத்துப் பட்டி, மணிக்கட்டு, கீழ் மடிப்பு, காஜா ஆகியவற்றைக் கையால் முடித்தேன். இரண்டு வார இறுதிகளில் முடிந்தது. பக்கத்தில் நின்று பார்ப்பவர் கண்ணில் படுவது கைத்தையல் மட்டும்தான். முதல் சட்டைக்கு இந்த வழியைத்தான் சொல்வேன். முழுக் கைத்தையலை ஆசை வந்தபிறகு செய்யலாம், ஆசை நிச்சயம் வரும்.

துணியில் லினனா பருத்தியா? சட்டைக்கு லினன், சந்தேகமே வேண்டாம். ஆனால் "பருத்தி அந்தக் காலத்துக்குப் பொருந்தாது" என்று யாராவது அடித்துச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1720இல் தூக்கிலிடப்பட்ட கொள்ளையர் ஜான் ராக்கமுக்கு 'காலிகோ ஜாக்' என்று பெயர் வந்ததே அவர் உடுத்திய பருத்தித் துணியால்தான். காலிகோ என்றால் கோழிக்கோட்டின் பெயர், நாம் காடாத்துணி என்று சொல்வதற்கு நெருங்கியது. சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயம் ஏற்றிய சீட்டித் துணி, சென்னை போன்ற துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக லண்டன் போனது. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்ததால் இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டிவந்தது. ஆகவே கழுத்துக் குட்டைக்கு நல்ல கலம்காரித் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள். நான் கட்டிக்கொண்டு போனபோது முகாமில் எல்லோரும் கேட்டது என் சட்டையைப் பற்றி இல்லை, அந்தத் துண்டைப் பற்றித்தான்.

காலுக்குப் பக்கிள் வைத்த தோல் காலணி. செலவில் பெரியது இதுதான், கடைசியாக வாங்குங்கள். 1717இல் அமெரிக்காவின் கேப் காட் அருகே மூழ்கி, 1984இல் கண்டுபிடிக்கப்பட்ட விடா என்ற கொள்ளையர் கப்பலிலிருந்து ஒரு சிறிய காலணியும் பட்டுக் காலுறையும் எலும்பும் எடுத்தார்கள். கொள்ளையரோடு சேர்ந்துகொண்ட ஜான் கிங் என்ற சிறுவனுடையவை என்று கருதுகிறார்கள். ஆயுதம் முதல் வருடம் வேண்டவே வேண்டாம். வாளோ துப்பாக்கியோ கையில் இருந்தால் பயிற்சி, பரிசோதனை என்று தனி வேலை வந்துவிடும்.

முடிவு செய்யமுடியாமல் இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கோட்டும் தொப்பியும் காற்சட்டையும் ஐம்பது வருடத்தில் மாறின, சட்டையின் வெட்டு அவ்வளவாக மாறவில்லை. 1668க்கும் சரி, 1718க்கும் சரி, அதே செவ்வகங்கள்தான். அக்டோபரில் துணி வாங்கினால் ஜனவரிக்குள் தைத்துவிடலாம். டாம்பா ஊர்வலத்தில் அதைப் போட்டு நன்றாக அழுக்காக்குங்கள். மார்ச்சில் அதே சட்டையோடு செயின்ட் அகஸ்டின் முகாமை ஒருநாள் பார்த்துவிட்டு வாருங்கள். மற்றதை அதன் பிறகு வாங்கினால் போதும்.