ரிங் மாற்றியதாகப் பில், உள்ளே பழைய ரிங்: டர்போ கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் சுபாரு, எவோ, கிளான்சா என்று பழைய டர்போ கார்களை ஆசையாக வைத்திருக்கும் எல்லாருக்கும் இது. எஞ்சின் ஒயில் அளவுக்கு மீறிக் குறைகிறது என்று அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் ஒரு கராஜில் காரை விட்டேன். பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்), வால்வு சீல் (வால்வு வழியே ஒயில் உள்ளே இறங்காமல் தடுப்பது), ஹெட் கெஸ்கெட், லேத் வேலை, கூலி என்று 385,000 ரூபாய்க்குப் பில் தந்தார்கள். முழுக் காசும் கட்டினேன். பிறகு வேறொருவர் எஞ்சினைத் திறந்தபோது பில்லில் இருந்த எதுவும் உள்ளே மாற்றப்பட்டிருக்கவில்லை.

கராஜின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு போயிருக்கிறது, அது முடியட்டும். பெயரைவிட அவர்கள் செய்த விதம்தான் உங்களுக்குப் பயன்படும். இந்த வித்தையை அந்த ஒரு கராஜ் மட்டும் கண்டுபிடித்திருக்க வழியில்லை.

என்னுடையது 2003ஆம் ஆண்டு சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ், ஜப்பானில் ஓடி வந்தது. 1994 சிசி ஈஜே20 டர்போ எஞ்சின், 250 குதிரைவலு. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் திறக்கும் வரைக்கும் கார் விலை போன போக்கு எல்லாருக்கும் தெரியும். விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, இருப்பதைத் திருத்தித்தான் ஓட வேண்டும். கராஜ்காரர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

ஒயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 1 லீற்றர். 800 கிலோமீற்றர் ஓடுவதற்குள் ஒயில் கீழ்க் கோட்டுக்கு வந்துவிடும். கார் நிற்கும் இடத்தில் நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை. அப்படியென்றால் எரிகிறது. பதுளைக்குப் போய்த் திரும்பும்போது லுணுகலை இறக்கத்தில் கியரிலேயே விட்டு இறங்கி, அடியில் அக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை கிளம்பும். சுபாருவில் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குக் கொஞ்சம் நீலம் தெரிவது வழமைதான். சிலிண்டர்கள் படுக்கையாக இருப்பதால் நின்ற இடத்திலேயே சிறிது ஒயில் கசிந்து சேரும், அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இறக்கத்துக்குப் பிறகு வருவது வேறு. அக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது எஞ்சினுக்குள் உறிஞ்சல் கூடும். வால்வு சீல் காய்ந்திருந்தாலும் ஒயில் ரிங் ஒட்டிப்போயிருந்தாலும் அந்த உறிஞ்சலில் ஒயில் உள்ளே வந்து, அடுத்த மிதியில் எரியும்.

இதையெல்லாம் கராஜ் முதலாளியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், மனிதர் பேச்சில் தேன். "தம்பி, டர்போ எண்டா ஒயில் குடிக்கத்தான் செய்யும். மஸ்டா ஆர்எக்ஸ்-8 பாருங்க, புதுசா வந்தாலும் குடிக்கும். ஆனா உங்கட கார் குடிக்கிறது கூட. ரிங் போயிற்று" என்றார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வைத் தொடவில்லை. சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் மேசையில் கிடந்தது, அங்கேயே கிடந்தது.

அந்த ஆர்எக்ஸ்-8 பேச்சை ஒருமுறை அவிழ்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னாலும் அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். ஆர்எக்ஸ்-8இல் இருப்பது ரொட்டரி எஞ்சின். உள்ளே சுழலும் ரோட்டரின் சீல்களுக்கு மசகு வேண்டுமென்பதால் கம்பெனியே பம்ப் வைத்து ஒயிலை எரிகிற இடத்துக்குள் விடுகிறது. அது அதன் அமைப்பு. பிஸ்டன் எஞ்சினுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஔடி, ஃபோக்ஸ்வாகன் கையேடுகளில் 1000 கிலோமீற்றருக்கு 0.5 லீற்றர் வரை போகலாம் என்று எழுதியிருப்பார்கள், அதுவே தாராளமான அளவு. அதே கம்பெனிகளின் 2.0 லீற்றர் டிஎஃப்எஸ்ஐ டர்போ எஞ்சின்களில் ஒரு தலைமுறை, ஒயில் ரிங்கின் குறைபாட்டால் கண்டபடி ஒயில் எரித்து, கடைசியில் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றித்தான் சரிவந்தது. டர்போ என்றால் அப்படித்தான் என்று அங்கே யாரும் விட்டுவிடவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். காரை விட்ட பிறகு நாள் இழுத்துக்கொண்டே போனது. ரிங் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து வர வேண்டும் என்றார்கள். பிறகு ஹெட் லேத்தில் நிற்கிறது என்றார்கள். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால், எஞ்சின் திறந்திருக்கும்போது ஆட்கள் வந்தால் தூசு படும் என்றார்கள். வாட்ஸ்அப்பில் படம் ஒன்று வந்தது: ஒரு கையில் ஒரு பிஸ்டன், அவ்வளவுதான். கார் தெரியவில்லை, எஞ்சின் தெரியவில்லை. எந்த ஊர் எந்த எஞ்சினின் பிஸ்டனாகவும் இருக்கலாம்.

கார் கைக்கு வந்தபோது பொனெட்டைத் திறந்தால் கண் கூசியது. எஞ்சின் முழுக்க வெள்ளி ஸ்பிரே அடித்திருந்தார்கள், ரொக்கர் கவர் (ஹெட்டின் வெளிமூடி) கெஸ்கெட் புதிது. பழைய பாகங்கள் வேண்டுமென்று கேட்டேன், ஒரு ஷாப்பிங் பையில் கறுத்த ரிங்குகளைப் போட்டுத் தந்தார்கள். அப்புறம் இரண்டு கட்டளை. முதலாவது, ரன்னிங்-இன்: புது ரிங் செட்டாகும் வரைக்கும் 3000 ஆர்பிஎம்முக்கு மேல் போகக் கூடாது. இரண்டாவது, வேறு கராஜ்காரர் கை வைத்தால் மூன்று மாத வாரண்டி செல்லாது.

இரண்டும் நியாயமான பேச்சுப் போலத்தான் இருக்கும். மெல்ல ஓடினால் எந்த எஞ்சினிலும் ஒயில் எரிவு குறையும், ஆகவே வேலை சரியாக நடந்த மாதிரித் தெரியும். வாரண்டிப் பயத்தில் வேறு யாரிடமும் காட்டவும் மாட்டோம். மூன்றாவதாகச் சொல்லாமல் ஒன்று செய்திருந்தார்கள். இந்த எஞ்சினுக்கு வழமையாக ஊற்றுவது 5டபிள்யூ-30. அவர்கள் ஊற்றியிருந்தது அதைவிடத் தடித்த 20டபிள்யூ-50. ஒயில் தடிப்பாக இருந்தால் தேய்ந்த இடுக்குகளால் மெதுவாகத்தான் நுழையும். நம்முடைய வெயிலுக்கு 20டபிள்யூ-50 போட்டதால் எஞ்சின் உடனே செத்துவிடாது, அதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டர்போவின் பேரிங்கை ஒயில் போய்ச் சேரத் தாமதமாகும், அதோடு நோயும் மறைந்துவிடும்.

ரன்னிங்-இன் முடிந்து புணாணைப் பக்கம் நேர் ரோட்டில் கொஞ்சம் வேகமாக ஓடத் தொடங்கியதும் டிப்ஸ்டிக் பழைய கதையைச் சொன்னது. போன் எடுத்தால், ரிங் செட்டாக 5000 கிலோமீற்றர் போக வேணும் என்றார்கள். புது ரிங் தன் இடத்தில் படிய ஓட்டம் வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் அந்த ஓட்டத்தில் எரிவு குறைந்துகொண்டே வர வேண்டும். எனக்கு ஏறிக்கொண்டே வந்தது. இன்னொரு முறை கேட்டபோது புகைப் பரிசோதனைச் சான்றிதழைக் காட்டி, கார் பாஸ்தானே என்றார்கள். பெற்றோல் காருக்கு அந்தப் பரிசோதனை அளப்பது கார்பன் மொனொக்சைட்டையும் ஹைட்ரோகார்பனையும். ஒயில் எத்தனை லீற்றர் குறைகிறது என்று அது எங்கே அளக்கிறது?

கல்லடிப் பக்கம் ஒரு அண்ணன் இருக்கிறார், கட்டாரில் வருடக்கணக்காகக் கார் எஞ்சின் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்தவர். அவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. பிசிவி வால்வைப் பார்த்தார், சுத்தம். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய்க்குள் விரல் விட்டார், மெல்லிய ஈரம் மட்டும், டர்போ சீல் பெரிதாகத் தள்ளவில்லை. பிளக் நான்கும் ஒயிலில் நனைந்து கறுத்திருந்தன. பிளக் துளையால் போனில் பூட்டுகிற சின்னக் கமராவை விட்டார். பிஸ்டன் தலை முழுக்கக் கரி. கம்ப்ரஷன் எடுத்தார், நான்கிலும் நன்றாக இருந்தது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் ரிங் நல்லது என்று நினைப்போம். பிஸ்டனில் மூன்று ரிங். மேலே இரண்டும் அழுத்தத்தைப் பிடிப்பவை, மூன்றாவதுதான் சுவரில் இருக்கும் ஒயிலை வழித்துக் கீழே அனுப்புவது. அந்த மூன்றாவது கரியில் ஒட்டிப்போனால் கம்ப்ரஷன் இறங்காது, உள்ளே இருக்கும் ஒயில் இடுக்கை அடைப்பதால் கொஞ்சம் ஏறிக்கூடக் காட்டும். "மேல் ரிங் ரெண்டும் நல்லம், ஒயில் ரிங்தான் ஒட்டியிருக்கு. புது ரிங் போட்ட எஞ்சின் இப்பிடி இராது தம்பி" என்றார் அண்ணன்.

எஞ்சினை இறக்கும் முன் வீடியோ எடுக்கச் சொன்னார், எடுத்தேன். ஈஜே எஞ்சினில் பிஸ்டனை வெளியே எடுக்க வேண்டுமென்றால் பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் மூடிகளைக் கழற்றி, அந்தத் துளையால் பிஸ்டன் பின்னை இழுக்க வேண்டும். வேறு வழி கிடையாது. அந்த மூடிகளில் முன்பக்கம் இருப்பவை டைமிங் பெல்ட் கவருக்குப் பின்னால், பின்பக்கம் இருப்பவை கியர் பெட்டிப் பக்கம். ஸ்பிரே அங்கே எட்டவில்லை. இருபது வருடத்து அழுக்கு அப்படியே இருந்தது, ஆலன் சாவி பட்ட ஒரு கீறல் இல்லை. ஹெட் கெஸ்கெட்டின் விளிம்பும் அதே கோலம். ஹெட்டைத் திறந்தால் வால்வு சீல்கள் பிளாஸ்டிக் மாதிரி இறுகி, ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. அந்தக் கராஜில் எஞ்சின் காரை விட்டு இறங்கவே இல்லை. 385,000 ரூபாய்க்கு நான் வாங்கியது இரண்டு ரொக்கர் கவர் கெஸ்கெட், ஒரு டின் ஸ்பிரே, தடித்த ஒயில்.

ஷாப்பிங் பை இன்னும் டிக்கியில் கிடந்தது. அண்ணன் அதிலிருந்து ஒரு ரிங்கை எடுத்து, வாய் மூடும்படி அழுத்திப் பிடித்து வேர்னியரால் அளந்தார். 79 மில்லிமீற்றருக்குக் கிட்ட. ஈஜே20இன் சிலிண்டர் போர் (உள்விட்டம்) 92 மில்லிமீற்றர். அந்த ரிங்கை என் எஞ்சினில் போட்டால் உள்ளே விழுந்து உருளும். நம்மூரில் நிறைய ஓடும் கொரோல்லா 110இன் 5ஏ எஞ்சினுக்குப் போர் 78.7. எந்தப் பாவப்பட்ட கொரோல்லாவின் ரிங்கோ, நான் பல்லாயிரம் கொடுத்துத் தூக்கி வந்திருக்கிறேன்.

கராஜுக்குப் போய் வீடியோவையும் வேர்னியர் படத்தையும் காட்டினேன். முதலில் "பொடியன் பையை மாறித் தந்திட்டான்" என்றார். மூடியைப் பற்றிக் கேட்டேன். "நாங்க வேற விதமாக் கழட்டுவம்" என்றார். எந்த விதம் என்று கேட்டபோது குரல் உயர்ந்தது. பிறகு இறங்கி வந்து, கூலி இல்லாமல் திரும்பச் செய்து தருவதாகச் சொன்னார், சாமானுக்கு மட்டும் காசு. ரிங்குக்கு நான் ஏற்கெனவே காசு கட்டியிருக்கிறேன் என்பதை அவர் மறந்துவிட்டார் போலும். அதன் பிறகு என் நம்பரைத் தடுத்துவிட்டார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொருளுக்கு மட்டுமல்ல, காசுக்குச் செய்யும் சேவைக்கும் முறைப்பாடு கொடுக்கலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். தாமதிக்காமல் கொடுங்கள், பில்லின் பிரதியை இணையுங்கள். பிரதேசத்து மத்தியஸ்த சபையும் இருக்கிறது, இதில் சரிவராவிட்டால் அங்கே போவேன். என் பில்லில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்ததுதான் இப்போது கையில் இருக்கும் பலம். "எஞ்சின் வேலை" என்று ஒரே வரியில் எழுதி மொத்தத் தொகை போட்டுத் தந்தால் வாங்காதீர்கள்.

உங்களுக்கு இந்த நிலை வந்தால், எஞ்சினைத் திறக்கச் சம்மதிக்கும் முன் அளந்து பாருங்கள். சமதரையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மேல் கோடு வரை நிரப்பி, 1000 கிலோமீற்றர் ஓடி, திரும்ப மேல் கோட்டுக்கு வர எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுதிவையுங்கள். சுபாருவின் டிப்ஸ்டிக் வாசிக்கக் கஷ்டமானது, துடைத்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். பிளக், பிசிவி, இன்டர்கூலர் குழாய் மூன்றையும் உங்கள் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள், இதற்குப் பெரிய காசு ஆகாது. ரிங் வேலை என்று முடிவானால், எஞ்சின் இறங்கும் அன்றும் பிஸ்டன் வெளியே வரும் அன்றும் அங்கே நிற்பதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தூசு கதை சொல்பவர்களிடம் காரை விடாதீர்கள். புது ரிங் பெட்டியை உடைக்கும் முன் அதிலிருக்கும் அளவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் எஞ்சினில் இப்போது உண்மையாகவே புது ரிங்கும் வால்வு சீலும் இருக்கின்றன. பழைய ஒயில் ரிங்குகள் கரியில் ஒட்டி, விரலால் தள்ளினாலும் அசையாத நிலையில் வந்தன. 5டபிள்யூ-30 ஊற்றி, ஒக்டேன் 95 அடித்து ஓடுகிறேன், அது எல்லா ஷெட்டிலும் கிடைக்காததால் டாங்கி பாதியாகும்போதே தேட வேண்டியிருக்கிறது. லுணுகலை இறக்கத்தில் புகை இல்லை. அதிகாரசபையிலிருந்து பதில் வந்ததும் இங்கேயே சேர்ப்பேன். இதே கரையோரத்தில் வெள்ளி ஸ்பிரே அடித்த எஞ்சினும், ரிங் மாற்றியதாகப் பில்லும் உங்களிடம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பில் சேர்ந்தால் முறைப்பாட்டுக்குக் கனம் கூடும்.