தொமேன் தாம்பியே: ஒரே விளைச்சலைப் பல ஆண்டுகள் குடித்துப் பார்த்ததில்

தென் பிரான்சின் ஒயின் பண்ணையான தொமேன் தாம்பியேயின் சிவப்பு ஒயினை வாங்கிய வாரமே திறப்பவர்கள் பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள். சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. அதன் முக்கிய இரகமான மூர்வேத்ர் திராட்சைக்குத் தோல் தடிமன். துவர்ப்பு ஈறு வரை பிடிக்கும். தக்கையை எடுத்ததும் வருவது பழ மணம் அல்ல, ஏதோ ஒரு விலங்கு வாடை. குடுவையில் ஊற்றி இரண்டு மணி நேரம் விட்டால் அது விலகும். பிறகுதான் கறுப்பு ஆலிவும் தைம் இலையும் கரும்பழங்களும் தலைகாட்டும்.

2010 விளைச்சலில் ஒரு பெட்டி வாங்கி வைத்து, அவ்வப்போது ஒன்றைத் திறக்கிறேன். தொடக்கத்தில் முரடுதான், ஆனால் பழச்சுவை நிறைய இருந்தது. ஐந்தாறு வயதில் அந்தப் பழமும் போய், மணமே இல்லாமல் வெறும் துவர்ப்பு எஞ்சியது. பலர் கைகழுவுவது இந்தக் கட்டத்தில்தான். பத்து வயதைத் தாண்டியதும் கதை மாறிவிட்டது. விளிம்பில் செங்கல் நிறம். பழைய தோல், ஈர மண், உலர்ந்த மூலிகை. துவர்ப்பு இன்னும் இருக்கிறது, உறுத்தவில்லை.

பண்ணை இருப்பது மத்தியதரைக் கடலோரம், தூலோன் நகருக்கு மேற்கே உள்ள பாந்தோல் பகுதியில். கல்சுவர் கட்டிய படித்தோட்டங்களில் கொடிகள் நிற்கின்றன. மூர்வேத்ருக்கு முகத்தில் வெயிலும் காலில் ஈரமும் வேண்டும் என்று இந்த வட்டாரமான ப்ரோவான்ஸில் சொல்வார்கள். வேர்ப்பூச்சி கொடிகளை அழித்தபின், ஒட்டுக்கட்டச் சிரமமான இந்த இரகத்தைப் பலர் கைவிட்டார்கள். 1936-இல் தாம்பியே குடும்பத்து லூசியை மணந்த லூசியன் பேரோதான் பிடிவாதமாக அதை மீட்டார். 1941-இல் பாந்தோலுக்குத் தனிப் பெயருரிமை (விதிப்படி அங்கே செய்த ஒயினுக்கு மட்டுமே அந்தப் பெயர்) கிடைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று அங்கே சிவப்பு ஒயினில் பாதியாவது மூர்வேத்ர் இருந்தாக வேண்டும்; 18 மாதமாவது மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும்.

தாம்பியே ஒரே தோட்டத்துத் திராட்சையில் செய்யும் ஒயின்களில் லா தூர்த்தீன் இறுக்கமானது. மூர்வேத்ர் குறைவான லா மிகுவா சீக்கிரம் இணங்கும். எனக்கு அதுவே பிடித்தது. அவர்களின் இளஞ்சிவப்பு ஒயினான ரோஸேக்கு உலகப் புகழ் உண்டு, ஆனால் அந்த விலைக்கு நான் சிவப்பையே எடுப்பேன்.

பூண்டும் ரோஸ்மேரியும் வைத்துச் சுட்ட ஆட்டுக்காலுடன் குடிக்க வேண்டிய ஒயின் இது; மீனுக்கு ஆகாது. பழைய புட்டியில் வண்டல் அதிகம், முந்தைய நாளே நிமிர்த்தி வைத்துவிடுங்கள். ஒற்றைப் புட்டியாக வாங்காதீர்கள். மூன்று புட்டியாவது வாங்க முடியாவிட்டால் வேறு ஊர் ஒயினைப் பாருங்கள்.