படம் எப்போது எடுத்தது? ஊர்ச் செய்தியாளருக்கு எந்த பிளாக்செயின் உதவும்?

அரூர் பக்கத்து ஏரி ஒன்றில் மண் அள்ளுவதை எங்கள் குழுவில் ஒருவர் போனில் படம் பிடித்தார். ஒரு ஜேசிபி, இரண்டு டிப்பர், கரையை ஒட்டி ஆள் மறையும் அளவுக்குப் பள்ளம். மனுவோடு அதைப் பிரிண்ட் போட்டு ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். மேசையில் இருந்தவர் படத்தை உற்றுப் பார்த்தார்.

"20ஆம் தேதியிலேருந்து அவங்களுக்கு அனுமதி இருக்குது தம்பி. இது அதுக்கப்புறம் எடுத்த படமா இருக்கும்."

"இல்லைங்க சார், 9ஆம் தேதியே எடுத்தது."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

எங்களிடம் இல்லை. எடுத்த அண்ணன் படத்தை குரூப்பில் போட்டுவிட்டு, போனில் இடம் இல்லையென்று மூலப் படத்தை அழித்திருந்தார். கையில் இருந்தது வாட்ஸ்அப் வழியாக வந்த பிரதி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருங்கும். கேமரா அதற்குள் எழுதி வைத்த தேதி, நேரம், இடம் எல்லாம் கழன்றுவிடும். குரூப்பில் வந்த தேதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டினோம். "இதையெல்லாம் இப்ப யார் வேணா பண்ணிடறாங்க" என்று சொல்லிவிட்டு மனுவை மட்டும் வாங்கி வைத்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அதற்குப் பிறகு சில மாதங்கள் இந்த ஒரே விஷயத்தைத் தேடிப் படித்தேன். மக்கள் செய்தியாளர்களுக்கு பிளாக்செயின் கைகொடுக்கும் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே பொருளைச் சொல்வதில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல ஏற்பாடுகளுக்கு அந்த ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாதிரி மாவட்டத்தில் 11 பேர் சேர்ந்து, சொந்தக் காசில் நெட் போட்டு நடத்தும் குழுவுக்கு அவற்றில் எது ஆகும், எது ஆகாது என்று எடைபோட்டதை இங்கே எழுதுகிறேன்.

பிளாக்செயினைப் புரிந்துகொள்ள நம் ஊர்ச் சீட்டுக் கணக்கு போதும். சீட்டு நடத்துபவரிடம் மட்டும் நோட்டு இருந்தால் அவர் எழுதியதுதான் கணக்கு. சீட்டுப் போட்ட 20 பேரும் அதே கணக்கைத் தங்கள் நோட்டிலும் எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தின பக்கத்தின் கூட்டுத்தொகையைக் கொண்டுவந்து எழுதினால், பழைய பக்கத்தை யாரும் தனியாகத் திருத்த முடியாது. இப்படிப் பக்கத்தோடு பக்கம் கோத்து, பலர் கையில் இருக்கும் நோட்டுதான் பிளாக்செயின். இனி அதைச் சங்கிலி என்றே சொல்கிறேன். ஆனால் அந்த நோட்டில் எழுதியது உண்மைதானா என்று நோட்டு சொல்லாது. எழுதிய பிறகு மாறவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் பார்க்கலாம்.

டோக்கன் தரும் தளங்கள்

அதிகம் பேசப்பட்டது இந்த வகைதான். டோக்கன் என்பது சங்கிலியில் கணக்கு வைக்கும், காசுக்கு விற்று வாங்கக்கூடிய டிஜிட்டல் வில்லை. செய்தி எழுதினால் டோக்கன், நல்ல செய்திக்கு ஓட்டுப் போட்டால் டோக்கன், பொய் எழுதினால் வைத்த டோக்கன் பறிபோகும். கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்காவில் சிவில் என்ற தளம் இதே திட்டத்தோடு வந்தது. 2018இல் டோக்கன் விற்பனைக்குக் குறைந்தபட்ச இலக்காக 80 லட்சம் டாலர் வைத்தார்கள். அதில் கால் பங்கைக்கூடத் தொடவில்லை. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். டோக்கன் வாங்குவதற்கான படிகளே படித்த வாசகர்களைத் திணற வைத்தன. 2020 ஜூனில் தளத்தை மூடினார்கள்.

2016இல் தொடங்கிய ஸ்டீமிட் என்ற எழுத்துத் தளம் இன்னும் பெரிய பாடம். அங்கே ஓட்டின் கனம் கையிருப்பின் கனம். அதிக டோக்கன் வைத்திருப்பவர் தட்டினால் பதிவு மேலே ஏறும். 2020இல் டிரான் என்ற இன்னொரு சங்கிலியின் நிறுவனர் ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். பயனர்களில் பெரிய பகுதி மிரண்டுபோய், மார்ச் மாதம் ஹைவ் என்று தனிச் சங்கிலி பிரித்துக்கொண்டு போனார்கள். யாருக்கும் சொந்தமில்லாதது என்று நம்பி எழுதியவர்கள், ஒருநாள் காலையில் அதற்கு ஒரு சொந்தக்காரர் வந்துவிட்டதைப் பார்த்தார்கள்.

நம் பக்கத்துச் செய்தியை இதில் பொருத்திப் பாருங்கள். பென்னாகரம் பக்கம் ஒரு தெருக் குழாயில் பத்து நாளாக ஒகேனக்கல் தண்ணீர் வரவில்லை. புளோரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறை ஏறிய ஊர்களுக்கு அது உயிர்போகும் செய்தி. ஆனால் அதற்கு 40 வீட்டுக்காரர்களைத் தவிர யார் ஓட்டுப் போடப் போகிறார்கள்? டோக்கன் தளத்தில் அது அடியில் கிடக்கும். இதோடு நம் நாட்டு வரிக் கணக்கு வேறு. 2022 ஏப்ரல் முதல் டோக்கன் போன்ற மெய்நிகர் டிஜிட்டல் சொத்தில் வரும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதே ஆண்டு ஜூலையிலிருந்து கைமாற்றும்போது 1 சதவீதம் பிடித்தம். பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் போய்விட்டு வந்து செய்தி எழுதும் அக்காவிடம் இந்தக் கணக்கை விளக்க எனக்குத் தெம்பில்லை. ஒரு செய்திக்கு 100 ரூபாய் கொடுக்க வேண்டுமென்றால் ஜிபேயில் போட்டுவிடலாம்.

அழியாத சேமிப்பு

அடுத்த வகை, செய்தியையும் படத்தையும் முழுதாகவே சங்கிலியில் ஏற்றிவிடுவது. இதற்கு உண்மையான வெற்றிகள் உண்டு. 2018 ஏப்ரலில் பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவி ஒருவர் பாலியல் குற்றப் புகார் ஒன்றைப் பற்றி எழுதிய திறந்த மடலைச் சீன இணையத்திலிருந்து நீக்கிக்கொண்டே வந்தபோது, யாரோ அதை எத்தீரியம் என்ற பொதுச் சங்கிலியின் பரிவர்த்தனை ஒன்றின் குறிப்பாக எழுதி வைத்தார்கள். இன்றும் அங்கேயே இருக்கிறது. 2021 ஜூனில் ஹாங்காங்கின் ஆப்பிள் டெய்லி நாளிதழ் மூடப்பட்டபோது, அதன் கட்டுரைகளை ஆர்வீவ் என்ற சேமிப்புச் சங்கிலியில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். ஆர்வீவில் ஒருமுறை பணம் கட்டினால் போதும். கோப்பு எப்போதும் இருக்கும் என்பது அதன் வடிவமைப்பு. ஐபிஎஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வேறு மாதிரி. அங்கே கோப்பை யாராவது ஒருவர் தன் கணினியில் பிடித்து வைத்திருந்தால்தான் இருக்கும், விட்டால் போய்விடும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள்.

அரசே அழிக்கும் இடத்தில் இந்த வகைக்கு ஈடில்லை. ஆனால் நான் இதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன். காரணம் எங்கள் குரூப்பிலேயே நடந்தது. குழந்தைத் திருமணம் ஒன்று தடுக்கப்பட்ட செய்தியோடு ஒரு படம் வந்தது. முகத்தை மறைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் சீருடையில் பள்ளியின் பேட்ஜ் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் வீட்டு வாசல். அட்மின் அக்கா சில நிமிடங்களில் பார்த்து, எல்லோருக்கும் அழியும்படி அழித்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, "கேலரியிலயும் அழிச்சிடு கண்ணு, இப்பவே அழி" என்றார். ஆர்வீவில் ஏறியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு 60 வயதானாலும் அந்தப் படம் அங்கே இருக்கும். ஊர்ச் செய்தியில் தவறு நடக்கத்தான் செய்யும். அதை எடுத்துப்போட வழியில்லாத இடத்தில் எங்கள் மக்களின் படங்களைக் கொண்டுபோய் வைக்க என்னால் ஆகாது.

அரசே நடத்தும் சங்கிலியும் உண்டு. தமிழ்நாடு 2020இல் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. 'நம்பிக்கை இணையம்' என்ற ஏற்பாடும் இருக்கிறது. சான்றிதழ், பத்திரம் போன்றவற்றுக்கு அது நல்லது. அரசு அலுவலகத்தைப் பற்றிய புகாருக்கு அதே அரசின் நோட்டைச் சாட்சியாக வைப்பது முறையாக இருக்காது.

கைரேகை மட்டும்

எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது மிகக் குறைவாகவே கேட்கிறது. படத்தை எங்கேயும் ஏற்ற வேண்டாம். படத்தின் ஹாஷை, அதாவது கைரேகையை மட்டும் சங்கிலியில் பதிய வேண்டும். ஷா-256 என்ற கணக்குமுறை எந்தக் கோப்பையும் 64 எழுத்து நீளமுள்ள ஒரு கோவையாக மாற்றும். கோவையிலிருந்து படத்தை மீட்க முடியாது. ஆனால் படம் ஒரு துளி மாறினாலும் கோவை முழுதும் மாறும்.

இதைக் கண்ணால் பார்க்க, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கிக் கிடக்கும் என் படம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஹாஷ் போட்டு நோட்டில் எழுதினேன். பிறகு படத்தின் வலது ஓரத்தை நூலளவு வெட்டிவிட்டு மறுபடி போட்டேன். முதல் எழுத்திலிருந்தே வேறு. மூலப் படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிப் பார்த்தேன், அதுவும் வேறு. அதையே டாக்குமெண்டாக அனுப்பினேன். 64 எழுத்தும் அப்படியே பொருந்தியது. எங்கள் குரூப்பில் இன்று இருக்கும் முதல் விதி இந்தச் சோதனையிலிருந்து வந்தது: படத்தை டாக்குமெண்டாகத்தான் அனுப்ப வேண்டும்.

பதிவதற்கு ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவச ஏற்பாடு இருக்கிறது. பிட்காயின் மென்பொருளாளர் பீட்டர் டாட் உருவாக்கியது. ஆயிரக்கணக்கானவர்களின் ஹாஷ்களை மரக்கிளைபோல் ஒன்றாகச் சேர்த்து, உச்சியில் கிடைக்கும் ஒரே கோவையை பிட்காயின் சங்கிலியில் எழுதுகிறார்கள். அதனால் நம்மிடம் காசு கேட்பதில்லை, பிட்காயின் வாங்கவும் வேண்டாம். 2017இல் இணைய ஆவணக்காப்பகத்தின் 75 கோடி கோப்புகளுக்கு இப்படித்தான் ஒரே பரிவர்த்தனையில் தேதி முத்திரை குத்தினார்கள். நமக்குக் கிடைப்பது சிறிய சான்றுக் கோப்பு ஒன்று. அதை மறுநாள் ஒருமுறை முழுமைப்படுத்திக்கொள்ள வேண்டும், அதற்குள் பிட்காயினில் ஏறியிருக்கும். இதை மறந்தால் சான்று அரைகுறையாகவே நிற்கும். நேரமும் நிமிடக் கணக்கில் துல்லியம் இல்லை, ஓரிரு மணி நேரம் முன்பின் ஆகலாம். எங்களுக்குத் தேதி போதும். 9ஆம் தேதியா, 20ஆம் தேதிக்குப் பிறகா என்பதுதானே கேள்வி.

இதன் குறையைச் சொல்லாமல் விட்டால் தவறு. இந்த முத்திரை 'இந்தத் தேதிக்குள் இந்தப் படம் இருந்தது' என்று மட்டும் சொல்லும். இதற்கு முன்பே எடுத்த பழைய படமா என்று சொல்லாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தியிருந்த வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. அந்த மாதிரி நாளில் வேறு ஊரின் பழைய வெள்ள வீடியோ ஒன்றுக்கு யாராவது முத்திரை குத்தியிருந்தால், அதுவும் செல்லும் முத்திரைதான். அதனால் முக்கியமான படம் என்றால் சட்டகத்துக்குள் அன்றைய நாளிதழின் முதல் பக்கம் தெரிய வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நாளிதழ் 'இதற்கு முன் எடுக்கவில்லை' என்கிறது, முத்திரை 'இதற்குப் பின் எடுக்கவில்லை' என்கிறது. நடுவில் ஒரே நாள்தான் மிச்சம்.

சங்கிலியே இல்லாமல்

படம் பிறக்கும்போதே கேமரா கையெழுத்துப் போடும் முறையை அடோபி, பிபிசி, மைக்ரோசாஃப்ட் முதலியவர்கள் சேர்ந்து 2021இல் சி2பிஏ என்ற பெயரில் தொடங்கினார்கள். 2023இல் லைக்கா எம்11-பி கேமரா இதோடு வந்தது. நல்ல முறைதான். ஆனால் எங்கள் குழுவில் இருப்பது 10,000 ரூபாய் போன்கள். அவற்றுக்கு ஆண்ட்ராய்டில் ப்ரூஃப்மோட் செயலி ஒத்துவருகிறது. ஹாஷ், கையெழுத்து, இட விவரம் எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலமாகக் கட்டித் தருகிறது. ஓர் எச்சரிக்கை: இடப் பதிவை அணைக்காமல் வீட்டு மாடியிலிருந்து குவாரி லாரியைப் படம் எடுத்தால், பொட்டலத்தில் போவது உங்கள் வீட்டு முகவரி.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இருவர் 1991லேயே ஹாஷ்களைச் சங்கிலியாகக் கோக்கும் யோசனையை எழுதினார்கள். அவர்களின் நிறுவனம் 1995இலிருந்து வாரம் ஒருமுறை அந்த உச்சிக் கோவையை நியூயார்க் டைம்ஸில் வரி விளம்பரமாகப் போட்டது. பிட்காயினுக்கு 14 ஆண்டுகள் முந்தியது. ஊருக்கு ஊர் அச்சாகிப் போய்விட்ட பேப்பரை யாரால் திருத்த முடியும்? நெட்டே கிடைக்காத காலம் வந்தால், உள்ளூர்ப் பதிப்பில் மாதம் ஒரு வரி விளம்பரம் என்ற வழி நமக்கும் இருக்கிறது.

சட்டம் என்ன கேட்கிறது

கைரேகை முறையை நான் தேர்ந்ததற்குப் பெரிய காரணம் இது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்திலேயே ஹாஷ் மதிப்பையும், எந்தக் கணக்குமுறை என்பதையும் எழுதும் இடம் உண்டு. ஷா-256 அதில் அச்சிட்டே இருக்கிறது. 'அ' பகுதியைக் கோப்பைக் கொடுப்பவர் நிரப்ப வேண்டும், 'ஆ' பகுதியை நிபுணர் ஒருவர். டோக்கனையோ ஆர்வீவையோ அந்தப் படிவம் கேட்கவில்லை. முதல் நாளே ஹாஷ் போட்டு முத்திரை குத்தி வைத்தவர், வழக்கு வரும் நாளில் அதே 64 எழுத்தை எடுத்து எழுதினால் போதும்.

இதே அரூர் பக்கத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவார ஊருக்குள் புகுந்து செய்த வன்கொடுமைகளுக்கு, 269 பேர் மீது வழக்கு நடந்து, தீர்ப்பு வர 2011 செப்டம்பர் 29 ஆனது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எளிய மக்களின் சொல் நிலைநிற்க இத்தனை ஆண்டுகள் ஆகும் இடத்தில், 10 ஆண்டு கழித்தும் திறந்து சரிபார்க்கக்கூடிய ஒரு சான்று என்ன பெறும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னும் சரியாகாதவை இருக்கின்றன. அஞ்செட்டியிலிருந்து அனுப்பும் தம்பிக்கு டவர் கிடைக்க ஒருநாள் ஆகும். அதுவரை ஹாஷை நோட்டில் எழுதி, பக்கத்தில் இருவர் கையெழுத்து வாங்கி வைக்கிறார். 'ஆ' பகுதிக்குக் கையெழுத்திட நிபுணர் ஒருவரைத் தர்மபுரியிலேயே தேடிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் அந்த ஏரியிலிருந்து அண்ணன் மறுபடி ஒரு படம் அனுப்பினார், டாக்குமெண்டாக. பள்ளத்தின் விளிம்பில் ஒரு கல்லை வைத்து, அதற்கடியில் அன்றைய நாளிதழைச் சொருகியிருக்கிறார். முதல் பக்கத்தில் செம்மண் ஒட்டியிருக்கிறது. தேதி படிக்கத் தெரிகிறது. "மூலப் படத்தை அழிக்கலைதானேண்ணா?" என்று கேட்டேன். "அழிக்கல. ரெண்டு மெமரி கார்டுல வெச்சிருக்கறேன்" என்றார். அன்று இரவு முத்திரை குத்தினேன், மறுநாள் காலையில் சான்றை முழுமைப்படுத்தினேன்.