மூன்று வருஷமாகப் பார்லிச் சக்கையில் சமைக்கிறேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பீர் காய்ச்சும் நாள். அது என் கணவரின் வேலை. 20 லிட்டருக்கு 5 கிலோ பார்லி மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, போடுவார். 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறியதும் இனிப்பான சாற்றை வடித்துக்கொள்வார். அடியில் எட்டு கிலோவுக்குக் குறையாமல் ஈரச் சக்கை மிஞ்சும். ஆரம்பத்தில் அதை அப்படியே உரக்குழியில் கொட்டிக்கொண்டிருந்தோம். 2022-இல் ஒரு நாள் மூடியைத் திறந்ததும் ஆவியோடு ஹார்லிக்ஸ் வாசனை குப்பென்று வந்தது. இதையா கொட்டுகிறோம் என்று இருந்தது. அன்றைக்கு ஒரு கிண்ணம் எடுத்து அடை மாவில் போட்டேன். அன்றிலிருந்து விடவில்லை.

முதல் அடை நன்றாக வரவில்லை. சக்கையை அரைக்காமல் அப்படியே கலந்துவிட்டேன். பார்லியின் மேல்தோல் உமி மாதிரி, வேகவே வேகாது, தொண்டையில் குத்தியது. மாவுச்சத்தில் பெரும்பகுதி சர்க்கரையாகிச் சாற்றோடு போய்விடும். பிறகு சக்கையில் நிற்பது நார்ச்சத்தும் புரதமும்தான். அதனால் இதை மாவுக்கு மாற்றாக நினைத்தால் ஏமாற்றம்தான். மாவோடு கொஞ்சம் சேர்த்தால் மணமும் கடிபதமும் கூடும்.

இப்போது அடைக்கு என் கணக்கு இது: இட்லி அரிசி ஒரு கப், கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் சேர்த்து ஒரு கப், ஈரச் சக்கை அரை கப். சக்கையை மட்டும் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மிக்ஸியில் நைசாக அரைத்துவிட வேண்டும். பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து அப்புறம் சேர்க்கலாம். காய்ந்த மிளகாய், பெருங்காயம், சின்ன வெங்காயம் வழக்கம்போல. கல்லில் ஊற்றி நடுவில் துளை போட்டு எண்ணெய் விட்டால், ஓரம் தேன் நிறத்துக்கு வருவது சாதாரண அடையை விடச் சீக்கிரம் நடக்கும். சக்கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரைதான் காரணம். தீயைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும்.

சமையலை விடச் சிரமம் சக்கையைக் காப்பாற்றுவது. முக்கால் பங்கு தண்ணீர் அதில். டர்பன் டிசம்பர் வெக்கையில் காலையில் எடுத்து வைத்தது மறுநாளே புளித்து நாறும். வடித்த சூடு ஆறியதும் அன்றைக்கே ஒன்றரை கிலோ எடுத்து, பிழிந்து, அரை கிலோப் பைகளாக ஃப்ரீசரில் போடுகிறேன். மிச்சம் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கும் உரக்குழிக்கும். 2023-இல் லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஒரு முறை நாலு பையும் உருகிப் போயின. முகர்ந்து பார்த்துச் சந்தேகமாக இருந்தது, நாலையும் கொட்டினேன். சந்தேகம் வந்தால் வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

காயவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். கோடையில் வெயில் அடித்தாலும் காற்றில் ஈரம் அதிகம், காய்வதற்குள் பூஞ்சை வந்துவிடும். ஜூலை இங்கே குளிர்காலம், காற்று வறண்டிருக்கும், அப்போது வேட்டியில் பரப்பலாம் என்று பார்த்தேன். வெர்வெட் குரங்குகள் சுவரேறி வந்து இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு போயின. இப்போது ஓவன்தான்: 100 டிகிரி, தட்டில் அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அவ்வப்போது கிளறி, நாலைந்து மணி நேரம். கையில் எடுத்து நசுக்கினால் முறுக்கு மாதிரி நொறுங்க வேண்டும். ஒரு கிலோ ஈரச் சக்கை கால் கிலோவாகும். மிக்ஸியில் பொடித்துச் சலித்தால் அதிலும் கொஞ்சம் உமியாகப் போய்விடும். மின்சாரச் செலவையும் நேரத்தையும் பார்த்தால் இது மலிவான மாவு இல்லை. எனக்கு அந்த மணத்துக்காகவே செய்யத் தோன்றுகிறது.

ரொட்டிக்கு நாலு பங்கு மாவு, ஒரு பங்கு சக்கைப் பொடி. அதற்கு மேல் போட்டால் தேய்க்கும்போதே விரிசல் விடும். பக்கத்து வீட்டு ஆயா கொதிக்கிற தண்ணீரும் வெண்ணெயும் விட்டுப் பிசையக் கற்றுக்கொடுத்தார். பொடி தண்ணீரை நிறைய இழுக்கும், அதனால் அரை மணி ஊறவிட்டால்தான் மெத்தென்று வரும். கறுப்பு மால்ட் போட்ட ஸ்டவுட் என்ற கரிய பீரின் சக்கை மட்டும் ரொட்டிக்கு ஆகாது, காப்பித்தூள் கசப்பு ஏறும். அதை வெல்லம் போட்ட பிஸ்கட்டுக்கு வைத்துக்கொள்கிறேன், அங்கே அந்தக் கசப்பு அழகாக உட்காரும்.

மூன்று எச்சரிக்கை. பார்லியில் குளூட்டன் உண்டு, ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொடுக்காதீர்கள். பீருக்குக் கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவைச் சாற்றில் போட்டுக் கொதிக்க வைத்த பிறகு மிஞ்சும் கசடு வேறு, அதைச் சக்கையோடு கலக்கவே கூடாது. நாய்க்கு ஹாப்ஸ் விஷம். முதல் தடவை நிறையச் சாப்பிட வேண்டாம், நார் அதிகம், வயிறு உப்பும்.

போன புரட்டாசியில் ஆயாவுக்கு ரொட்டி கொண்டுபோனேன். அந்த மாதம் முழுக்க அவர் விரதம். தட்டை வாங்கிக்கொண்டு, "இதுல சாராயம் இருக்காம்மா?" என்றார். ஈஸ்ட் போடுவதற்கு முன்பே சக்கையைத் தனியாக எடுத்துவிடுகிறோம், ஈஸ்ட் இல்லாமல் சாராயம் வராது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டு, ஒரு துண்டு பிய்த்து மென்றார். "மால்டபெல்லா கஞ்சி வாசம்" என்றார். அது இங்கே எல்லாரும் சின்ன வயதில் குடித்த முளைகட்டிய சோளக் கஞ்சி. ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றும் கூழில் மட்டும் இதைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அது மீலி மீல் என்ற மக்காச்சோள மாவில்தான் என்று. அது அவர் வழக்கம், சரி. இப்போது ஒவ்வொரு முறை பீர் காய்ச்சும்போதும் கோழிக்கு ஒரு வாளியும், அவருக்கென்று ஒரு அரை கிலோப் பையும் தனியாகப் போகின்றன.