பழைய கிர்பி வாங்கினால் எதைத் திருப்புவது, எதை மிதிப்பது

பழைய கிர்பி வேக்யூம் கிளீனர் ஒன்று கையில் வந்தால் பிளக்கைச் சொருகும் அவசரம் வேண்டாம். முதலில் அதைத் தரையில் வைத்து, எதெது அசைகிறது, எதெது திரும்புகிறது என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மற்ற வேக்யூம்களில் பெரும்பாலும் பார்க்க முடியாத இரண்டு மூன்று விஷயங்கள் இதில் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஓட்டினால், இது வெறும் கனமான, சத்தமான இரும்புப் பொருள் என்றுதான் தோன்றும். (இரும்பு இல்லை, அலுமினியம். அதைப் பிறகு சொல்கிறேன்.)

என்னிடம் இருப்பது ஹெரிடேஜ் 2. 1980-களின் நடுவில் வந்த மாடல். எங்கள் ஊர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் கிளீவ்லாந்து; கிர்பிக்கும் இதுதான் சொந்த ஊர். ஜார்ஜ் ஸ்காட், கார்ல் ஃபெட்சர் என்ற இருவர் 1914-இல் இங்கே ஆரம்பித்த பட்டறைதான் பின்னால் ஸ்காட் ஃபெட்சர் கம்பெனியாக வளர்ந்தது. ஜிம் கிர்பி வடிவமைத்துக் கொடுத்த மெஷின்களை அவர்கள் செய்து விற்றார்கள். கிர்பி என்ற பெயரோடு முதல் மாடல் 1935-இல் வந்தது. கடைகளில் அடுக்கி விற்காமல் வீடு வீடாகப் போய், கார்பெட்டில் ஓட்டிக் காட்டி விற்பதே அவர்கள் வழக்கம். 1986-இல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்தவே இந்தக் கம்பெனியை முழுசாக வாங்கிக்கொண்டது. ஆக, என் மெஷினும் அந்தக் கைமாற்றமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தவை.

கிளீவ்லாந்தை ஒட்டிய பார்மா பக்கம் ஒரு எஸ்டேட் சேலில் (ஒரு வீட்டின் பழைய சாமான்களை மொத்தமாக விற்கும் விற்பனை) 40 டாலருக்கு வாங்கினேன். கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறைய குழாய்கள், பிரஷ்கள், பெயர் தெரியாத பிளாஸ்டிக் துண்டுகள். மேனுவல் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த ஊரில் நம் ஆட்கள் பலர் பழைய சாமான் கடைகளில் இதைப் பார்த்துவிட்டு, "எப்படி ஓட்டுவது என்று தெரியவில்லை" என்று விட்டுவிட்டு வருகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெல்ட் கொக்கி. மெஷினின் முன்பக்கம், பிரஷ் சுழலும் மூக்குப் பகுதியின் மேல், திருப்புவதற்கென்று ஒரு பிடி இருக்கும். அதைச் சுற்றி அம்புக்குறிகள் இருக்கும். இந்தப் பிடிதான் கிர்பியின் சூட்சுமம் என்பேன்.

சாதாரண அப்ரைட் (நின்றபடி தள்ளிக்கொண்டு போகும்) வேக்யூமில் மோட்டார் அச்சும் பிரஷ் உருளையும் ஒரே திசையில் இணையாக இருக்கும்; பெல்ட் நேராக ஓடும். கிர்பியில் மோட்டார் முன்னோக்கிப் பார்த்தபடி படுத்திருக்கிறது. அச்சு, காற்றை இழுக்கும் விசிறியின் நடுவிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பிரஷோ குறுக்கே கிடக்கிறது. அதனால் பெல்ட் கால் சுற்று முறுக்கிக்கொண்டுதான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டும். அந்த முறுக்கிய பெல்ட்டை, விரலே வைக்காமல், அச்சில் மாட்டவும் அச்சிலிருந்து கழற்றவும் செய்வது அந்தப் பிடிதான். உள்ளே ஒரு சிறிய கொக்கி இருக்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் அது பெல்ட்டைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும். மறுபக்கம் திருப்பினால் அச்சில் கொண்டுபோய் விட்டுவிடும். அம்புகள் நேருக்கு நேர் வரும்வரை திருப்ப வேண்டும், அவ்வளவுதான். பாதியில் விட்டால் பெல்ட் தேயும், கருகிய ரப்பர் வாசனை வரும். திசை மாறி மாட்டினாலோ பிரஷ் எதிர்ப்பக்கமாகச் சுற்றும்.

போன மாதம் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, அவளும் பழைய கிர்பி ஒன்று வாங்கிவிட்டு, போன் பண்ணினாள். "அக்கா, மோட்டார் நல்லா ஓடுது, பிரஷ் மட்டும் சுத்தவே மாட்டேங்குது. பெல்ட் அறுந்துபோச்சு போல." வீடியோவில் காட்டச் சொன்னேன். பெல்ட் முழுசாகத்தான் இருந்தது. கொக்கி அதைத் தூக்கிப் பிடித்த நிலையிலேயே நின்றிருந்தது. "முதல்ல பிளக்கைப் பிடுங்கும்மா. இப்போ அந்தப் பிடியை வலது பக்கம் திருப்பு, அம்பு சேரட்டும்" என்றேன். அவ்வளவுதான், சுற்ற ஆரம்பித்துவிட்டது. பழைய கிர்பிகள் "ரிப்பேர்" என்று மலிவாக விலைக்கு வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வாங்கப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்லது.

சரி, பெல்ட்டைத் தூக்கி வைப்பது எதற்கு? மூக்கைக் கழற்றத்தான். பெல்ட்டை விடுவித்து, விளக்கு உள்ள மூடியைத் தூக்கி, பூட்டைத் திருப்பினால், பிரஷ் உருளையோடு முன்பகுதி மொத்தமாகக் கையில் வந்துவிடும். அந்த இடத்தில் ஹோஸைப் பூட்டலாம். இப்போது அது அப்ரைட் இல்லை. சோபா, திரைச்சீலை, கார் சீட் எல்லாம் சுத்தம் செய்கிற மெஷின். மூக்கு கழன்ற நிலையில் உள்ளே பார்த்தால் விசிறி கண்ணுக்கு நேராகத் தெரியும், விரல் எட்டும் தூரத்தில். என் மாடலில் முன்னால் எதையாவது சரியாகப் பூட்டினால்தான் மோட்டார் ஓடும்படி ஒரு பாதுகாப்பு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். "ஹோஸ் மாட்டினேன், மெஷின் செத்துப்போச்சு" என்று யாராவது சொன்னால், பூட்டு கடைசிவரை திரும்பவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். இன்னும் பழைய மாடல்களில் இந்த சுவிட்ச் இருக்கும் என்று நம்பி விரலை விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் கழற்ற வேண்டும்.

விசிறி முன்னால் இருப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. இதில் குப்பை முதலில் விசிறி வழியாகப் போய், அப்புறம்தான் பைக்குள் தள்ளப்படுகிறது. நீண்ட குழாய்கள் வழியே வளைந்து போக வேண்டியதில்லை. கார்பெட்டிலிருந்து விசிறிக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. அதனால்தான் இவ்வளவு காற்று. நாய் முடி, கார்பெட்டின் அடியில் போய் உட்கார்ந்துவிட்ட மணல், ரவை மாதிரி நெருநெருக்கும் உப்புத்தூள் (குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு செருப்போடு வீட்டுக்குள் வந்துவிடும்) எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் எடுக்கிறது. ஆனால் கூழாங்கல், நாணயம், ஆணி போனால் நேராக விசிறியில்தான் அடிக்கும். இறகு உடைந்தால் மெஷின் முழுவதும் அதிரும். ஓட்டுவதற்கு முன் தரையை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அடுத்து, பாத மிதி. உயரத்தைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் குனியவே வேண்டாம். ஒருபக்கம் மிதித்தால் மூக்கு ஒரு படி ஏறும், மறுபக்கம் மிதித்தால் இறங்கும். எந்த உயரம் சரி என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், காதுதான் அளவுகோல். முழுசாக மேலே ஏற்றி வைத்து சுவிட்சைப் போடுங்கள். ஒவ்வொரு படியாக இறக்குங்கள். பிரஷ் கார்பெட்டைத் தொட்டதும் மோட்டாரின் சத்தம் மாறும், கொஞ்சம் கனத்துக் கேட்கும். அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் இறக்கினால் கூடுதலாகச் சுத்தமாகும் என்று நினைப்பது தப்பு. தள்ளுவதற்கு கஷ்டமாகும், பெல்ட்டும் கார்பெட்டும்தான் தேயும்.

காற்று பின்னால் வெளியேறும் வாயில் பை மாட்டியிருக்கும். பையைக் கழற்றிவிட்டு அந்த வாயில் ஹோஸைப் பூட்டினால் மெஷின் ஊத ஆரம்பிக்கும். எனக்கு இது எவ்வளவு உபயோகம் என்றால், ஈஸ்டர் சமயத்தில் இங்கே தியாகராஜ ஆராதனை நடக்கும், 1978-இலிருந்து நடக்கிறது. கச்சேரி கேட்க வருகிறவர்கள் எங்கள் வீட்டில் தங்குவார்கள். அத்தனை காற்று மெத்தைகளையும் கிர்பியை வைத்தே ஊதிவிடுகிறேன். கராஜின் மூலையிலிருக்கும் காய்ந்த இலைகளுக்கும் இதுதான்.

பை பற்றி. வெளியே துணிப்பை, உள்ளே காகிதப் பை. ஹெரிடேஜ் 2-க்கு ஸ்டைல் 3 என்று எழுதியிருக்கும் பை கேட்டு வாங்குங்கள். அதற்கு முந்தைய ஹெரிடேஜுக்கு ஸ்டைல் 2. வேறு கம்பெனிகளும் இந்தப் பைகளைச் செய்வதால் தட்டுப்பாடு இல்லை. எஸ்டேட் சேலில் வரும் துணிப்பையில் பழைய வாசனை இருக்கும். நான் உள்பக்கத்தை வெளியே திருப்பி, இன்னொரு வேக்யூமால் இழுத்துவிட்டு, வெயிலில் போட்டேன். தண்ணீரில் நனைக்கவில்லை, துணியின் நெசவு நெகிழ்ந்தால் தூசி வெளியே கசியும் என்ற பயம்.

இதன் உடம்பு வார்ப்பு அலுமினியம். பழசானால் மங்கிவிடும், ஆனால் பிளாஸ்டிக் மாதிரி மஞ்சளாகி நொறுங்காது. மெட்டல் பாலிஷ் போட்டு ஒரு மத்தியானம் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல வந்துவிட்டது. அந்த வேலைக்கு ஈடாக எனக்கு எதுவும் வேண்டாம். நாற்பது வருஷம் ஒரு குடும்பம் தள்ளிய பொருள், இன்னும் ஒரு திருகு ஆடவில்லை. இப்போது கடையில் வாங்குகிற எத்தனை சாமான்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

கனம் உண்டு. 9, 10 கிலோ இருக்கும். தரைத்தளத்தில் தள்ளுவது சுலபம், ஏனென்றால் சக்கரங்கள் நன்றாக உருளும். மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறுவது வேறு கதை. முட்டிவலி இருப்பவர்கள் மாடிக்கு வேறு ஒரு இலேசான மெஷின் வைத்துக்கொள்ளலாம். சத்தமும் பெரிசு. தூங்குகிற குழந்தை இருக்கும் வீட்டில் நேரம் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். லினோலியம், மரத்தரை மட்டும் இருக்கிற வீட்டுக்கு இது தேவையே இல்லை. இது கார்பெட்டுக்காகப் பிறந்த மெஷின்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: வயரை முழு நீளத்துக்கும் விரல் நடுவில் ஓட்டிப் பாருங்கள், எங்கேயாவது வெடிப்போ ஒட்டுப்பட்டியோ இருந்தால் அதை மாற்றிய பிறகே பிளக்கைச் சொருகுங்கள். மூக்கைக் கழற்றி விசிறி இறகுகளில் உடைப்பு இருக்கிறதா பாருங்கள். பிரஷ் உருளையின் முனைகளில் முடி சுற்றியிருந்தால் கவலை வேண்டாம், வெட்டி எடுத்துவிடலாம். பெல்ட் தளர்ந்திருந்தால் புதுசு சில டாலர்தான். ஓடவிட்டு, ஒரே சீராக ஓடுகிறதா, அதிர்கிறதா என்று கையை மேலே வைத்துப் பாருங்கள்.

கூட வரும் பெட்டியை விட்டுவிடாதீர்கள். பெயர் தெரியாத துண்டுகளில்தான் நல்ல சாமான் இருக்கும். என் பெட்டியில் ஷாம்பூ போடும் பாகம் இருந்தது. மூக்குக்குப் பதில் அதைப் பூட்டினால் தண்ணீரைக் கொட்டாமல் நுரையை மட்டும் கார்பெட்டில் இறக்கித் தேய்க்கும்; காய்ந்த பிறகு மறுபடி வேக்யூம் போட வேண்டும். ஹாலில் சாம்பார் கொட்டிய இடத்தில் போட்டுப் பார்த்தேன். மேல்கறை போனது, மஞ்சள் லேசாகத் தங்கிவிட்டது. பெட்டியோடு வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தனியாகத் தேடி வாங்கும் அளவுக்கு அது அவசியம் என்று சொல்ல மாட்டேன்.